திக்கிப் பேசிய கணக்கு வாத்தியார்



ரெண்டாம் வருஷம் கம்யூனிகேஷன் லேப்ல அஞ்சு நிமிஷ ஸ்பீச் ஒன்று உண்டு. சீனியர்ஸ் எல்லோரும் அதைத் தாண்டித்தான் வந்திருப்பீங்க. ஜூனியர்ஸ், உங்களுக்கு இனிமேல்தான் இருக்கு. என் ஸ்பீச்சோட கதையைச் சொல்லித்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கணும். ஏன்னா அந்தச் சொதப்பல் இல்லைன்னா இந்த மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்தே இருக்காது.

நான் எடுத்த தலைப்பு, கணித மேதை ராமானுஜன். முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு கூகுள்ல தேடி, நாலு சைட்டைத் திறந்து, காப்பி பேஸ்ட் பண்ணி, காலையில் பஸ்ஸில் மனப்பாடம் செய்துவிட்டேன். அதில் ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கேம்பிரிட்ஜில் ராமானுஜன் அடுப்பில் காய் கிளறிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் பேராசிரியர் ஹார்டி உட்கார்ந்து, ஒரு பத்திரிகையில் வந்த புதிர்க் கணக்கை வாசிக்கிறார். கிளறிக்கொண்டே ராமானுஜன் விடை சொல்லிவிடுகிறார். அந்த ஒரு கணக்குக்கு மட்டும் இல்லை, அந்த மாதிரிக் கணக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து! கிளாஸே கை தட்டியது.

மேடம் மட்டும் தட்டவில்லை. இந்தக் கதை எங்கே கிடைத்தது என்று கேட்டாங்க. இன்டர்நெட் என்றேன். இன்டர்நெட்டுக்கு யார் சொன்னாங்க என்று அடுத்த கேள்வி. அறையில் இருந்ததே ரெண்டு பேர். ராமானுஜன் 1920-லேயே இறந்துவிட்டார். அப்படியென்றால் கதையை வெளியே சொன்னது யார், எப்போது, எந்தப் புத்தகத்தில்? நான் முழிச்ச முழி இன்னும் எங்க குரூப்பில் ஸ்டிக்கராகச் சுற்றுகிறது. ஒரு வாரம் டைம் கொடுத்தாங்க. ஆதாரத்தோடு வந்தால் மார்க், இல்லையென்றால் ஸ்பீச்சுக்கு ஜீரோ.

அன்றைக்கு ராத்திரி இருபது சைட் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கதை, அதே வரிசை, சிலவற்றில் அதே எழுத்துப்பிழைகூட. ஒருத்தர் எழுதியதைப் பார்த்து மீதிப் பத்தொன்பது பேரும் எழுதியிருக்காங்க என்று அப்போதுதான் உறைத்தது. இருபது சைட் இருந்தாலும் சாட்சி ஒன்றுதான். சாட்பாட்டிடம் கேட்டேன். ரொம்ப மரியாதையாக ஒரு புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் கொடுத்தது. தேடிப் பார்த்தால் எந்த கேட்டலாக்கிலும் அப்படி ஒரு புத்தகமே இல்லை.

வேறு வழியில்லாமல் லைப்ரரிக்குப் போனேன். அதுவரை நான் அங்கே போனது ஏசிக்காகவும், நோ டியூ கையெழுத்துக்காகவும்தான். லைப்ரரியன் சார் என் கதையைக் கேட்டுவிட்டு, வாழ்க்கை வரலாறு வரிசையிலிருந்து ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்தார். ராபர்ட் கனிகல் 1991-ல் எழுதிய ராமானுஜன் வரலாறு. நான் முதல் பக்கத்தைத் திறந்தேன். சார் கடைசிப் பக்கங்களைத் திறக்கச் சொன்னார். அங்கேதான் எந்தச் செய்தி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்புகள் இருக்கும். என் அடுப்புக் கதைக்கு எஸ். ஆர். ரங்கநாதன் என்ற பெயரும், ராமானுஜனைப் பற்றி அவர் 1967-ல் வெளியிட்ட புத்தகத்தின் பெயரும் இருந்தன. அந்தப் புத்தகம் எங்கள் காலேஜில் இல்லை. சார் வேறொரு காலேஜ் லைப்ரரியில் கேட்டு, நாலாவது நாள் வரவழைத்துக் கொடுத்தார்.

அதைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. அடுப்பு இருந்தது, காய் இருந்தது, ஹார்டி இல்லை! ராமானுஜன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய அதே மகலனோபிஸ்தான், அப்போது கேம்பிரிட்ஜில் ஒரு மாணவர். புதிர் வந்த பத்திரிகை ஸ்ட்ராண்ட், 1914 டிசம்பர் இதழ். ஒரு தெருவில் வரிசையாக வீடுகள், 50-க்கு மேல், 500-க்குக் கீழ். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். அந்த வீட்டு எண் என்ன? 288 வீடுகள், வீட்டு எண் 204. கூட்டிப் பாருங்க, ரெண்டு பக்கமும் 20,706 வரும். மகலனோபிஸ் தன் நினைவிலிருந்து சொன்னதை ரங்கநாதன் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார். ஃபார்வர்டு ஆகி ஃபார்வர்டு ஆகி யாரோ ஒருத்தர் மகலனோபிஸை எடுத்துவிட்டு ஹார்டியைப் போட்டுவிட்டார். நான் அதை மைக்கில் சொல்லி கைதட்டும் வாங்கிவிட்டேன்.

இந்த ரங்கநாதன் யாரோ இன்னொரு கணக்குப் பேராசிரியர் போல என்று சாரிடம் சொன்னேன். சார் சிரித்துவிட்டு, கவுன்டருக்கு மேலே மாட்டியிருந்த போட்டோவைக் காட்டினார். தலைப்பாகை, கண்ணாடி, ஒல்லியான முகம். ரெண்டு வருஷமாக அந்தப் படத்துக்குக் கீழே நின்றுதான் நோ டியூ கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஒரு தடவைகூட யார் என்று கேட்டதில்லை. நீங்க கேட்டிருக்கீங்களா?

சீர்காழிப் பையன்

ரங்கநாதன் 1892 ஆகஸ்டில் சீர்காழியில் பிறந்தார். அந்தக் காலத்தில் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஷியாலி என்று எழுதுவார்கள். இனிஷியலில் உள்ள எஸ் அதுதான். ஆர் என்பது அப்பா ராமாமிர்தம். கொஞ்சம் நிலம் வைத்திருந்த அப்பா, ஊரில் சிறு கூட்டங்களுக்கு ராமாயணம் எடுத்துச் சொல்கிறவர். அதாவது அவரும் ஒரு ஸ்பீக்கர். ஆனால் பையனுக்கு விவரம் தெரிவதற்குள் இளம் வயதிலேயே இறந்துவிட்டார்.

பேச்சாளரின் பிள்ளைக்குப் பேச்சு சுலபமாக வரவில்லை. ரங்கநாதனுக்குத் திக்குவாய். வகுப்பில் எழுந்து பதில் சொல்ல வேண்டிய ஒவ்வொரு தடவையும் என்ன பாடுபட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்க. மைக் முன்னால் கை நடுங்கி நிற்கும் நமக்கு அதில் ஒரு துளி புரியும்.

படிப்பில் அவருக்குப் பிடித்தது கணக்கு. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அது தாம்பரத்தில் இல்லை, பாரிமுனைப் பக்கம் இருந்தது. 1913-ல் பி.ஏ., 1916-ல் எம்.ஏ. அங்கே எட்வர்ட் ராஸ் என்ற கணக்குப் பேராசிரியர் அவருக்குக் கிடைத்தார். ராஸை ரங்கநாதன் கடைசி வரைக்கும் தன் குருவாகவே நினைத்தார்.

அடுத்து அவர் தேர்ந்தெடுத்த வேலை எது தெரியுமா? வாத்தியார் வேலை! திக்குவாய் உள்ளவர் தினமும் மணிக்கணக்கில் பேச வேண்டிய வேலை. அதற்குத் தகுதி பெறுவதற்கே அந்தத் திக்கல் குறுக்கே நின்றது. ஆனாலும் சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, 1917-ல் மங்களூர் அரசுக் கல்லூரியில் கணக்கு நடத்தப் போனார். பிறகு கோயம்புத்தூர், அதன் பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. நடத்த நடத்தத் திக்கல் மெல்ல மெல்லக் குறைந்தது. சொல்லப் போகிற விஷயம் கையில் உறுதியாக இருந்தால் நாக்கு கொஞ்சமாவது ஒத்துழைக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். இது என் ஊகம் மட்டும்தான், எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. (மேடம், கவனிச்சீங்களா? ஊகத்தை ஊகம் என்று சொல்லிவிட்டேன்!)

இன்டர்வியூவுக்கு முன் ஒரு கட்டுரை

1923-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு ஒரு நூலகர் வேண்டும் என்று அறிவித்தது. சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள். ஒருத்தருக்கும் நூலகப் பயிற்சி கிடையாது. ரங்கநாதனும் விண்ணப்பம் போட்டுவிட்டு மறந்தே போனார். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததும்தான் நூலகம் என்றால் என்ன என்று படிக்க ஆரம்பித்தார். படித்தது என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் நூலகங்களைப் பற்றிய ஒரு கட்டுரை. அவ்வளவுதான் பிரிபரேஷன். நம்ம ஆளு என்று தோன்றுகிறது இல்லையா? ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நேரம் குறைவாக இருந்தபோதும் அவர் போய் நின்றது நம்பகமான ஒரு கலைக்களஞ்சியத்தின் முன்னால். அவசரத்தில் படித்தாலும் சரியான இடத்தில் படித்தார்.

1924 ஜனவரியில் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக உட்கார்ந்தார். உட்கார்ந்த சில நாட்களிலேயே போர் அடித்துவிட்டது. மாணவர்கள் இல்லை, கேள்விகள் இல்லை, பேச ஆளே இல்லை. திக்கிப் பேசிய மனிதருக்கு இப்போது பேசாமல் இருக்க முடியவில்லை! பழைய வாத்தியார் வேலையையே திருப்பிக் கொடுங்கள் என்று மேலிடத்தில் போய்க் கேட்டார். அவர்கள் ஒரு ஏற்பாடு சொன்னார்கள். லண்டனுக்குப் போய் நூலகம் எப்படி நடக்கிறது என்று பார்த்து வரட்டும், அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணக்கு வேலைக்கே திரும்பலாம்.

அந்த வருஷமே கப்பல் ஏறினார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நூலகவியல் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியர், கிராய்டன் நகர நூலகராக இருந்த பெர்விக் சேயர்ஸ். படிப்போடு நிறுத்தாமல் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் போய்ப் பார்த்தார். அவர் பார்த்தது ஒன்றுதான்: அங்கே நூலகம் என்பது ஊரில் எல்லோரும் வந்து போகிற இடம். நம்ம ஊரில் அது பூட்டிய அலமாரி. அந்த வித்தியாசம் அவரை உலுக்கியது. கணக்கு வேலை பற்றிய பேச்சையே விட்டுவிட்டு, 1925-ல் முழு நூலகராகச் சென்னை திரும்பினார்.

லண்டனில் இன்னொன்றும் நடந்தது. செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்தார். சின்னச் சின்ன இரும்புப் பட்டை, சக்கரம், நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை மாற்றி மாற்றி இணைத்தால் கார் வரும், கிரேன் வரும், பாலம் வரும். புத்தகங்களையும் இப்படி வகைப்படுத்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதுவரை பரவலாக இருந்த டூயி தசம முறையில், தலைப்புகளுக்கு முன்கூட்டியே எண் கொடுத்து வைத்திருப்பார்கள். புதிதாக ஒரு தலைப்பு வந்தால் எங்கேயாவது நெருக்கி உட்கார வைக்க வேண்டும். ரங்கநாதன் தலைப்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்தார். ஒவ்வொரு உறுப்புக்கும் குறியீடு கொடுத்து, நடுவில் முக்காற்புள்ளி போட்டு இணைத்தார். அதுதான் கோலன் பகுப்பு முறை. 1933-ல் புத்தகமாக வந்தது. இன்றைக்கு ஷாப்பிங் ஆப்பில் பிராண்டு, விலை, அளவு, நிறம் என்று தனித்தனியாக ஃபில்டர் போடுகிறோமே, அதன் அடியில் இருக்கும் யோசனையும் இதே வகைதான்.

ஐந்து விதிகள்

சென்னை திரும்பியவர் பேய் பிடித்த மாதிரி வேலை செய்தார். நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம், ஞாயிறு உட்பட. வாசகர்களே அலமாரிக்குப் போய் எடுத்துப் பார்க்கும்படி திறந்துவிட்டார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த வருஷமே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்தது. கணக்கு வாத்தியாருக்கு மறுபடியும் மாணவர்கள் கிடைத்துவிட்டார்கள். 1936-ல் மெரினா எதிரே பல்கலைக்கழக நூலகத்துக்குச் சொந்தக் கட்டடமும் வந்தது. இன்றைக்கும் அந்தக் கட்டடத்தைப் பார்க்கலாம்.

இத்தனை வேலைக்கும் அடிப்படையாக அவர் வகுத்தவை ஐந்து விதிகள். 1931-ல் புத்தகமாக வெளியிட்டார். உலகம் முழுக்க நூலகவியல் படிக்கிறவர்களுக்கு இதுதான் நியூட்டன் விதி. ஒவ்வொன்றும் ஒரே வரி. என் வார்த்தையில் சொல்கிறேன்.

முதலாவது, புத்தகம் பயன்படுத்துவதற்காக. ரொம்பச் சாதாரணமாகத் தெரிகிறதா? ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்திருந்தார்கள். பாதுகாப்பதுதான் நூலகத்தின் வேலை என்று நினைத்த காலம் அது. முதல் விதி அந்தச் சங்கிலியை அறுக்கிறது.

இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு. பணக்காரர், ஏழை, ஆண், பெண், நகரம், கிராமம் என்ற பேதம் இல்லாமல் எல்லோருக்கும். இங்கிலீஷ் மீடியத்தில் படித்துவிட்டுத் தமிழில் தட்டுத் தடுமாறி எழுதும் என்னைப் போன்றவர்களுக்கும்தான்.

மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு. 1967-ல் வந்த ராமானுஜன் புத்தகம் ஏதோ ஒரு காலேஜில் தூசியோடு காத்திருந்தது. அதன் வாசகன் அந்த வாரம் ஜீரோ மார்க்குக்குப் பயந்த ஒரு ரெண்டாம் வருஷப் பையன்.

நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. நமக்கு இதுதான் முக்கியம். கேட்டலாக் எதற்கு, அலமாரி எண் எதற்கு, கவுன்டரில் ஒருவர் எதற்கு? எல்லாம் இந்த விதிக்காகத்தான். தேடி வருகிறவருக்கு உதவுவதை நூலகரின் மையமான வேலையாகவே ரங்கநாதன் கருதினார், அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். சட்டென்று பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒரு வகை, நாள் கணக்கில் கூடவே இருந்து தேடித் தர வேண்டிய கேள்வி இன்னொரு வகை என்று பிரித்தார். என் அடுப்புக் கதை ரெண்டாவது வகை. நாம் லைப்ரரியனைத் தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்குகிறோம். ரங்கநாதன் கணக்குப்படி, நாம் கேட்காவிட்டால்தான் அவர் வேலை பாதியில் நிற்கிறது.

ஐந்தாவது, நூலகம் ஒரு வளரும் உயிர். புத்தகம் கூடும், வாசகர் கூடுவார், வடிவம் மாறும். இன்றைக்கு நேஷனல் டிஜிட்டல் லைப்ரரியை நாம் போனில் திறக்கிறோம் என்றால், அவர் விதி இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மாட்டு வண்டியும் சட்டமும்

இரண்டாவது விதியை அவர் பேப்பரில் விட்டுவிடவில்லை. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் கிராமங்களுக்குப் புத்தகத்தைக் கொண்டுபோக மாட்டு வண்டி நூலகம் ஒன்று கிளம்பியது. படிக்கிறவர் நூலகத்துக்கு வர முடியவில்லை என்றால் நூலகம் அவரிடம் போகட்டும் என்ற அதே எண்ணம்தான்.

ஆனால் வண்டி ஒரு வட்டாரத்தைத்தான் சுற்றும். மாகாணம் முழுக்க வேண்டுமென்றால் சட்டம் வேண்டும், சட்டத்துக்குப் பின்னால் பணம் வேண்டும். பல வருஷம் மசோதா எழுதி எழுதிப் போராடினார். கடைசியில் 1948-ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். உங்க வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்க. நூலக வரி என்று ஒரு பங்கு சேர்ந்திருக்கும். உங்க ஊர் கிளை நூலகத்துக்கும் மாவட்ட மைய நூலகத்துக்கும் உங்க அப்பா அம்மா ஏற்கெனவே காசு கட்டிவிட்டார்கள். போகாமல் இருந்தால் நமக்குத்தான் நஷ்டம்.

வெளியேறியதும் திரும்பக் கொடுத்ததும்

வாழ்க்கை முழுக்கப் பாராட்டுதான் என்று நினைக்காதீங்க. இருபது வருஷம் உழைத்த சென்னைப் பல்கலைக்கழகத்தில் நிர்வாகத்தோடு மனக்கசப்பு வந்து, 1945-ல் அவராகவே வேலையை விட்டார். அப்போது 52 வயது. எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கிவிட நினைத்தவரைப் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ராதாகிருஷ்ணன் அழைத்தார். அங்கே குவிந்து கிடந்த ஏறத்தாழ ஒரு லட்சம் புத்தகங்களை ரெண்டு வருஷத்தில் ரங்கநாதன் தானே வகைப்படுத்தினார். பிறகு டெல்லிப் பல்கலைக்கழகம், கொஞ்ச காலம் சூரிச், உஜ்ஜைன், கடைசியில் பெங்களூர். 1957-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1962-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் பெங்களூரில் ஓர் ஆவண ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கினார். ஆமாம், நம்ம அடுப்பங்கரை மகலனோபிஸின் அதே நிறுவனம்! 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார்.

மனக்கசப்போடு வெளியேறிய பல்கலைக்கழகத்துக்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். நூலகவியலுக்குத் தன் மனைவி சாரதா பெயரில் ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்துவதற்காக. 1950-களில் ஒரு லட்சம் என்றால் யோசித்துப் பாருங்க.

70 வயதைத் தாண்டியும் பழைய கணக்கு வாத்தியாருக்கு ஒரு பாக்கி இருந்தது. அதுதான் ராமானுஜன். ராமானுஜனைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தார்கள். ரங்கநாதன், ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள், மகலனோபிஸ் என்று தெரிந்தவர்களின் நினைவுகளைத் திரட்டி 1967-ல் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அவர் அன்றைக்குக் கேட்டு எழுதாமல் விட்டிருந்தால் இன்றைக்கு மேடம் கேட்ட கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் பதில் இருந்திருக்காது.

1972 செப்டம்பர் 27-ல் பெங்களூரில் ரங்கநாதன் காலமானார்.

அப்புறம் என் ஸ்பீச்

ஒரு வாரம் கழித்து அதே ஸ்பீச்சை மறுபடி கொடுத்தேன். முதலில் ஹார்டி என்று சொன்னது தப்பு என்று ஒத்துக்கொண்டேன். பிறகு, இது மகலனோபிஸ் நினைவுகூர்ந்தது, ரங்கநாதன் பதிவு செய்தது, சம்பவம் நடந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து அச்சில் வந்தது என்று சொன்னேன். கடைசி வரி முக்கியம். நேரில் பார்த்தவர் சொன்னாலும் ஐம்பது வருஷத்தில் நினைவு கொஞ்சம் மாறியிருக்கலாம். அதனால் இப்படித்தான் நடந்தது என்று அடித்துச் சொல்லாமல், இப்படி நினைவுகூர்ந்தார் என்று சொல்வதுதான் நேர்மை. இந்தத் தடவை பெரிய கைதட்டல் இல்லை. கை நடுங்கியதும் நிற்கவில்லை. ஆனால் எங்கே கிடைத்தது என்று மேடம் கேட்டபோது என்னிடம் பதில் இருந்தது. அந்த நிம்மதியை மார்க்கோடு ஒப்பிட முடியாது.

ஜூனியர்ஸுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

தலைப்பை மெக்கானோ மாதிரி பிரித்துப் பாருங்க. தண்ணீர்ப் பிரச்சினை என்று தேடினால் கடல் மாதிரி வரும். என்ன பொருள், என்ன செயல், எந்த ஊர், எந்தக் காலம் என்று பிரிங்க. கடல்நீர், உப்பு நீக்குதல், சென்னை, மீஞ்சூர் ஆலை வந்த 2010-க்குப் பிறகு. இப்போது அஞ்சு நிமிஷத்தில் பேசக்கூடிய தலைப்பு கிடைத்துவிட்டது. ரங்கநாதனின் உறுப்புப் பகுப்பை நான் எளிமையாக்கிக்கொண்டது இது.

அலமாரி எண் சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்க. நிறைய காலேஜ்களைப் போல எங்கள் லைப்ரரியும் டூயி முறையில்தான் இருக்கிறது. 628-ல் குடிநீர், கழிவுநீர் சம்பந்தப்பட்ட பொறியியல், 510-ல் கணக்கு, 894.811-ல் தமிழ் இலக்கியம், 808.5-ல் மேடைப்பேச்சு. எண்ணைப் பிடித்துப் போனால் நீங்க தேடாத நல்ல புத்தகமும் பக்கத்திலேயே நிற்கும்.

முதலில் கலைக்களஞ்சியம், பிறகு புத்தகம், பிறகு அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கக் குறிப்புகள். தமிழில் பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதி இருக்கிறது, 1954-ல் தொடங்கி 1968 வரை வந்தது. பழசுதான், புதிய புள்ளிவிவரம் அதில் கிடைக்காது. ஆனால் ஒரு விஷயத்தின் அடிப்படையை நல்ல தமிழில் சொல்ல அதைவிடத் துணை எனக்குக் கிடைக்கவில்லை. கூகுளையும் விக்கிபீடியாவையும் ஒதுக்கச் சொல்லவில்லை. விக்கிபீடியாவிலும் கீழே இருக்கும் சான்றுகள் வரைக்கும் போங்க என்றுதான் சொல்கிறேன்.

ரெண்டு இடத்தில் ரெண்டு விதமாக இருந்தால் மறைக்காதீங்க. ரங்கநாதன் பிறந்த நாளையே எடுத்துக்கொள்ளுங்க. பரவலாக இருப்பது ஆகஸ்ட் 12. அந்த நாளைத்தான் இந்தியாவில் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆகஸ்ட் 9 என்றும் ஒரு தேதி சொல்லப்படுகிறது. அதனால்தான் மேலே நான் ஆகஸ்ட் என்று மட்டும் எழுதினேன். இப்போது ரெண்டும் உங்க கையில்.

கடைசியாக ஒன்று. கவுன்டரில் இருப்பவரிடம் கேளுங்க. வெட்கப்படாதீங்க. நூலகம் என்றால் பூட்டிய அலமாரி என்றிருந்த ஊரில், கேட்டால் தேடித் தர ஒருவர் இருக்க வேண்டும் என்று ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க உழைத்திருக்கிறார். திக்கிப் பேசியவரே கிளாஸ் முன்னால் போய் நின்றார். நம்மால் கவுன்டர் வரைக்கும் நடக்க முடியாதா?

அடுத்த ஆகஸ்ட் 12-ல் நான் இந்த கேம்பஸில் இருக்க மாட்டேன். ஜூனியர்ஸ், அன்றைக்கு யாராவது போய் லைப்ரரியன் சாருக்கு ஒரு வாழ்த்து சொல்லிடுங்க. அப்படியே அந்தப் போட்டோவில் இருப்பவர் யார் என்று பக்கத்தில் நிற்கிறவங்ககிட்டயும் சொல்லிடுங்க.